பழைய பிக்கப்பின் ஸ்டீயரிங்: பாகம் மாற்றும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்

நான் வாங்கிய முதல் பழைய பிக்கப் நேராக ஓடாது. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், மோப்பம் பிடித்துக்கொண்டு போகும் நாய் மாதிரி சாலையில் இங்கும் அங்கும் அலையும். ஸ்டீயரிங்கை மூன்று விரல் அளவு திருப்பினாலும் சக்கரம் கண்டுகொள்ளாது. ஓட்டிப் பார்த்த ஒருவர், "ஸ்டீயரிங் பாக்ஸ் போயிடுச்சு" என்றார். நம்பி மாற்றினேன். முன்பு எப்படி அலைந்ததோ, புது பாக்ஸோடும் அப்படியே அலைந்தது. கடைசியில் பார்த்தால், ஐட்லர் ஆர்மை (ஸ்டீயரிங் கம்பிகளின் மறுபக்கத்தைத் தாங்கும் கை) சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் இரண்டும் லூஸ். முறுக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

அந்தப் போல்ட்டுகளை முதல் நாளே பார்த்திருக்கலாம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசை இது. டார்ச், அளக்கும் டேப், ஒட்டும் டேப், ஸ்கேல், கடப்பாரை, காற்றழுத்த மானி, ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட், சக்கரத்துக்கு வைக்கக் கட்டை, சொன்னபடி ஸ்டீயரிங்கை ஆட்ட ஓர் ஆள். இவை இருந்தால் போதும்.

புகார் என்ன என்று முதலில் பிரியுங்கள்

"ஸ்டீயரிங் சரியில்லை" என்று சொன்னால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் இருக்கும் வெற்று ஆட்டம் ஒன்று. நேராகப் பிடித்தும் வண்டி அலைவது இன்னொன்று. ஒரே பக்கமாக இழுப்பது வேறு, ஸ்டீயரிங் கனமாக இருப்பது வேறு. வளைவு முடிந்தும் தானாக நேராகாமல் அப்படியே நிற்பது, குறிப்பிட்ட வேகத்தில் நடுங்குவது, சத்தம் போடுவது என்று இன்னும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரேக் பிடிக்கும்போதா, பாரம் ஏற்றினாலா, எஞ்சின் சூடான பிறகா, பள்ளத்தில் இறங்கினாலா?

ஓட்டிப் பார்க்கும்போது சாலையே ஏமாற்றும். மழைநீர் வடிய வேண்டும் என்று பெரும்பாலான சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும். வண்டி அந்தப் பக்கம் மெல்ல நகர்ந்தால் அது கோளாறு இல்லை. சமதளமான காலிச் சாலையில் இரண்டு திசையிலும் ஓட்டுங்கள். இழுப்பு திசை மாறினால் சாலையின் வேலை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டியின் வேலை.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டபடியே திருப்பினால் ஸ்டீயரிங் இறுகும், வண்டி விட்டு விட்டுத் துள்ளும். முன் அச்சும் பின் அச்சும் வளைவில் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் பூட்டி வைத்திருப்பதுதான் காரணம். லீவரை டூ வீலுக்குத் தள்ளினால் "கோளாறு" போய்விடும். இதை ஸ்டீயரிங் கோளாறு என்று நினைத்துப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் என்ன வகை ஸ்டீயரிங்?

முன்பக்கம் குனிந்து பாருங்கள். ஒரு நீண்ட குழாய் குறுக்கே கிடந்து, அதன் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருந்தால் அது ரேக் அண்ட் பினியன். இப்போதைய பிக்கப்புகளில் பெரும்பாலும் இதுதான். அதற்குப் பதிலாக சேசிஸின் ஒரு பக்கத்தில் கனமான இரும்புப் பெட்டியும், அதன் அடியில் ஒரு கையும் தொங்கினால் அது ஸ்டீயரிங் பாக்ஸ். அந்தக் கைதான் பிட்மேன் ஆர்ம். பாக்ஸ் வகையில் மூட்டுகள் அதிகம், அதனால் தேய்வதற்கு இடங்களும் அதிகம். முன்பக்கம் ஒரே துண்டு இரும்பு அச்சு இருந்தால், அச்சை சேசிஸோடு குறுக்கே பிடித்திருக்கும் டிராக் பார் பெரும்பாலும் இருக்கும். லீஃப் ஸ்பிரிங் மேல் நிற்கும் முன் அச்சில் அது இல்லாமலும் இருக்கலாம்.

பவர் கொடுப்பது ஆயிலா மின்சாரமா என்பதையும் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா இருக்கிறதா? எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் டப்பாவும் இல்லை, பெல்ட்டில் ஓடும் பம்பும் இல்லை. உதாரணமாக, ஃபோர்டு எஃப்-150-இல் 2011 மாடலிலிருந்து பெரும்பாலான எஞ்சின்களோடு எலக்ட்ரிக்தான் வந்தது. அதில் போய் ஆயில் எங்கே ஊற்றுவது என்று தேடக் கூடாது.

டயரிலிருந்து தொடங்குங்கள்

இது சப்பென்று இருக்கும், எல்லாரும் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் காற்று பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேல் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்து அடிக்காதீர்கள். முன் டயர் ஒன்றில் மட்டும் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டிலும் குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும்.

அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தேயுங்கள். உள்ளேயிருந்து வெளியே போகும்போது வழவழப்பாகவும், திரும்பி வரும்போது ரம்பம் மாதிரிக் கீறுவதாகவும் இருந்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பு. உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் கேம்பர் கோணம் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு), அல்லது சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட் மேல்கீழ் ஆடுவது. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸையும் சந்தேகப்படுங்கள்.

இழுப்பு டயரால்தானா என்று அறிய எளிய சோதனை உண்டு. முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. ஒரே திசையில் சுழல வேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால் பக்கம் மாற்றாமல் முன்பின் மாற்றிப் பாருங்கள்.

பிரேக் பிடிக்காமலேயே இழுத்தால் ஒரு பக்கத்து பிரேக் விடாமல் உராய்கிறதா என்பதையும் பாருங்கள். பிரேக் அதிகம் பிடிக்காமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்தி, சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் கேலிப்பர் சிக்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தாலும் பிரேக்கையும் கீழ் ஆர்ம் புஷ்ஷையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆட்டிப் பார்க்கும் சோதனை

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாச் சோதனையையும் விட இதில்தான் அதிகம் தெரியும். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கக் கூடாது. நான்கு டயரும் தரையில் நின்று, வண்டியின் எடை முழுதும் அவற்றின் மேல் இருக்க வேண்டும். தூக்கிவிட்டால் தேய்ந்த மூட்டுகூட இறுக்கமானது போல நடிக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் எஞ்சின் ஓட வேண்டும். உதவிக்கு இருப்பவர் ஸ்டீயரிங்கை 10 மணியிலிருந்து 2 மணி வரை, அவ்வளவே, வேகமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் அடியில். தொளதொள சட்டையும், மூட்டுகளுக்கு இடையில் விரலும் வேண்டாம். ஓடும் பெல்ட், மின்விசிறிப் பக்கம் கையே போகக் கூடாது.

பார்க்கும் முறை இதுதான்: ஒவ்வொரு மூட்டிலும் இந்தப் பக்கத்துத் துண்டு அசையும்போது அந்தப் பக்கத்துத் துண்டும் அதே கணத்தில் அசைகிறதா? ஒன்று அசைந்து, ஒரு இமைப்பொழுது கழித்து மற்றது அசைந்தால் ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் மூட்டின் இரு துண்டுகள் மேலும் படும்படி கையை வெளியிலிருந்து போர்த்தினால் போதும். "டொக்" என்று உள்ளங்கையில் தட்டும்.

வரிசை மேலிருந்து கீழாக. ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட்டும், சில வண்டிகளில் இருக்கும் ரப்பர் கப்ளிங்கும் முதலில். அடுத்து பாக்ஸ். உள்ளே போகும் ஷாஃப்ட் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் தாமதித்தால் ஆட்டம் பாக்ஸுக்குள். பாக்ஸே சேசிஸின் மேல் நகர்ந்தால் போல்ட் லூஸ், அல்லது சேசிஸில் விரிசல். பாக்ஸ் அமர்ந்திருக்கும் இடத்தில் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். அப்புறம் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிகளும் மூட்டுகளும்: டிராக் லிங்க் (டிராக் பார் வேறு, இது வேறு), சென்டர் லிங்க், ஐட்லர் ஆர்ம், கடைசியில் சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட்டின் முனைகள் என்று சக்கரம் வரை.

என் வண்டியில் இதைச் செய்தபோது மச்சான் மேலே உட்கார்ந்து ஆட்டினான். "போதுமா மாமா, கை வலிக்குது" என்று அவன் மூன்றாவது முறை கேட்டபோதுதான் அது கண்ணில் பட்டது. ஐட்லர் ஆர்ம் போல்ட்டின் தலையைச் சுற்றி மிளகாய்த்தூள் நிறத்தில் மெல்லிய துரு வளையம். மற்ற போல்ட்டுகளில் கறுத்த பழைய அழுக்கு அப்படியே ஒட்டிக்கிடக்க, இதில் மட்டும் அழுக்கு பிளந்து, நடுவில் இரும்பு பளபளத்தது. அதன் மேல் விரல் வைத்தேன். பிராக்கெட் நூலளவு ஏறி இறங்கியது. அங்கே நூலளவு என்றால் ஸ்டீயரிங் விளிம்பில் அது பல மடங்கு. அன்றிலிருந்து எந்த வண்டிக்கு அடியில் படுத்தாலும் முதலில் அந்தச் செந்தூளைத்தான் தேடுகிறேன். இரும்பும் இரும்பும் உராய்கிற இடத்தில்தான் அது வரும்.

ஒரு எச்சரிக்கை. டை ராட் தன் அச்சிலேயே கொஞ்சம் உருளுவது இயல்பு. முனையில் இருப்பது பந்து மூட்டு, அது உருளத்தான் செய்யும். மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ இடைவெளி தெரிந்தால்தான் தேய்மானம்.

ரேக் வகை என்றால் மூட்டு குறைவு. குழாய் முழுதும் பக்கவாட்டில் நகர்ந்தால் ரேக்கைப் பிடித்திருக்கும் புஷ் போய்விட்டது. ரப்பர் உறையை வெளியிலிருந்தே அமுக்கி உள் டை ராட் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டச் சொல்லுங்கள், தட்டினால் தெரியும். உறைக்குள் ஆயில் தளும்பினால் ரேக் சீல் கசிகிறது.

ஆட்டத்தை அளக்க ஆசையா? சக்கரம் நேராக இருக்க, எஞ்சின் ஓட, ஸ்டீயரிங் விளிம்பில் டேப் ஒட்டி, முன் டயர் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு தூரம் வெறுமனே திரும்புகிறது என்று ஸ்கேலால் பாருங்கள். பல வண்டிகளின் கையேடு 30 மி.மீ. அளவை எல்லையாக வைக்கும். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

பாக்ஸின் தலையில் ஒரு திருகும் பூட்டு நட்டும் இருக்கும். ஆட்டம் என்றதும் அதை முறுக்கச் சொல்லப் பலர் வருவார்கள். மற்ற மூட்டெல்லாம் சரியென்று தெரியும் முன் தொடவே தொடாதீர்கள். அளவுக்கு மேல் முறுக்கினால் நடுவில் பல்லோடு பல் இறுகி, ஸ்டீயரிங் தானாக நேராகாது, பாக்ஸும் சீக்கிரம் தேயும். வாங்கப் போகும் வண்டியில் அந்த நட்டில் மட்டும் புது ஸ்பேனர் தடம் மின்னினால், விற்பவருக்கு ஆட்டம் இருப்பது முன்பே தெரியும் என்று அர்த்தம்.

இனி ஜாக்கி

எஞ்சினை நிறுத்திவிடுங்கள். முன் அச்சு ஒரே துண்டு என்றால் அச்சுக்கு அடியில் தூக்கலாம். தனித்தனி ஆர்ம் இருந்து, ஸ்பிரிங் கீழ் ஆர்மில் அமர்ந்திருந்தால், அந்தக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் தூக்குங்கள். அப்போதுதான் பால் ஜாயிண்ட்டின் மேல் இருக்கும் அழுத்தம் விடும், ஆட்டம் வெளியே தெரியும். சேசிஸில் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்தித் தேய்மானத்தை மறைத்துவிடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

டயரை 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். எது என்று பிரிக்க, உதவியாளர் பிரேக் பெடலை மிதித்திருக்க மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட், பழைய வண்டிகளில் அதன் இடத்தில் இருக்கும் கிங் பின். 3 மணியிலும் 9 மணியிலும் ஆடி, 12-6-இல் ஆடாவிட்டால் டை ராட் பக்கம் போங்கள். டயருக்கு அடியில் கடப்பாரை விட்டு மேலே நெம்பினால் மேல்கீழ் ஆட்டமும் தெரியும்.

இரண்டு முன் சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்போதே, சாவியைப் போட்டு ஸ்டீயரிங் லாக்கை விடுவித்து, கோடிக்குக் கோடி கையால் திருப்புங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இறுகி விட்டால், ஷாஃப்ட்டின் யூ ஜாயிண்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. முழுதும் கனமாக இருந்தால் காய்ந்த பால் ஜாயிண்ட்டோ, மிகையாக முறுக்கிய பாக்ஸோ. அந்தரத்தில் லேசாகவும், தரையில் எஞ்சின் ஓடும்போது கனமாகவும் இருந்தால்தான் பவர் பக்கம் போக வேண்டும்.

கனமும் சத்தமும்

டப்பாவைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, வெறுமனே நிரப்பிவிட்டு மறக்காதீர்கள். நுரைத்திருந்தால் காற்று நுழைகிறது. அளவு குறைந்ததாலோ, டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்ததாலோ அது நடக்கும். கறுத்துக் கருகிய வாடை வந்தால் பழசு. மினுக் மினுக் என்று இரும்புத் தூள் தெரிந்தால் பம்ப் உள்ளே அரைபடுகிறது. என்ன ஆயில் என்பது டப்பா மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். சில வண்டிகள் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். கேட்கும், சில தனி பவர் ஸ்டீயரிங் ஆயில் கேட்கும். எதையாவது ஊற்றினால் சீல் போகும்.

ஐடிலில் கனம், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லேசு என்றால் பெல்ட் வழுக்குகிறது அல்லது பம்ப் பலவீனம். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனம் என்றால் பாக்ஸ் அல்லது ரேக்குக்குள் இருக்கும் வால்வையும் சீலையும் பார்க்க வேண்டும். முனகல் சத்தம் காற்றைச் சொல்கிறது, கீச்சென்ற சத்தம் பெல்ட்டை. கோடி வரை திருப்பியதும் "ஸ்ஸ்" என்று வருவது இயல்பு. ஆனால் கோடியிலேயே ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், ஆயில் சூடேறி பம்ப் திணறும். திரும்பும்போது "டக் டக்" என்று வந்தால், ஃபோர் வீல் வண்டியில் அது முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்ட்டாக இருக்கலாம்.

எலக்ட்ரிக் வகை கனத்தால் பேட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் பாருங்கள். வோல்டேஜ் குறைந்தால் அது உதவியைக் குறைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டு, வண்டி பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைப் படியுங்கள். பாகத்தைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

பின்பக்கம், பாரம், மாற்றங்கள்

முன்பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தும் வண்டி அலைகிறதா? பின்னால் போங்கள். பிக்கப் பாரம் சுமக்கிற வண்டி. லீஃப் ஸ்பிரிங் புஷ் நைந்தோ, யூ போல்ட் தளர்ந்தோ, சென்டர் போல்ட் அறுந்தோ இருந்தால் பின் அச்சு கோணலாக நின்று பின்னாலிருந்தே வண்டியைத் திருப்பும். முன், பின் சக்கரங்களின் மையத்துக்கு இடைப்பட்ட தூரத்தை இரு பக்கமும் டேப்பில் அளந்து பாருங்கள். கண்ணில் படும்படி வித்தியாசம் இருந்தால் பின் அச்சு நகர்ந்திருக்கிறது, அல்லது வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

பின்னால் அதிகப் பாரம் ஏற்றினால் மூக்கு மேலே தூக்கும். அப்போது காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாய்ந்திருக்கும் அளவு) மாறும், முன் டயரில் எடையும் குறையும், ஸ்டீயரிங் லேசாகி அலையும். காலி வண்டியில் இல்லாத கோளாறு பாரத்தில் மட்டும் வந்தால் டை ராட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பழைய பிக்கப்பில் முந்தைய உரிமையாளர் உயரம் ஏற்றியிருக்கலாம், அகன்ற டயர் போட்டிருக்கலாம். ஒரே துண்டு அச்சு வண்டியை உயர்த்தினால் டிராக் பார் அச்சை ஒரு பக்கம் இழுக்கும், டிராக் லிங்க் ஸ்டீயரிங்கைக் கோணலாக்கும். இந்த இரண்டு கம்பிகளும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானே திரும்பும்.

இதே வகை வண்டிகளில் வரும் பயங்கரமான ஒன்று உண்டு: வேகத்தில் ஒரு மேட்டில் ஏறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்தது போல உதறத் தொடங்கும், நிற்காது. அப்போது பிரேக்கை அழுத்தி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள். புது ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் சில வாரம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். டிராக் பார் போல்ட் போகும் துளை முட்டை வடிவமாக விரிந்திருப்பதே பல நேரம் காரணம். ஆட்டிப் பார்க்கும் சோதனையில் அது தெரிந்துவிடும்.

பழுது பார்க்கும் வரிசை

ஆடும் மூட்டு, பிறகு டயர், கடைசியில் வீல் அலைன்மெண்ட். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால், மெஷினில் காட்டும் எண் வண்டி சாலைக்கு இறங்கியதும் மாறிவிடும். டை ராட் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதிதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப் போக அது போதும். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை நேர்ப்படவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி நேர்ப்படுத்தாதீர்கள், அடுத்த துளை வரும் வரை முறுக்குங்கள். பழைய காட்டர் பின்னை மறுபடி மாட்டாதீர்கள்.

அலைன்மெண்ட் செய்பவரிடம் முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். காஸ்டர் குறைவாக இருக்கும் பக்கம் வண்டி இழுக்கும். கேம்பர் அதிக பாசிட்டிவாக (டயரின் மேல்பகுதி வெளியே சாய்ந்து) இருக்கும் பக்கமும் இழுக்கும். தாளில் இடம் வலம் எண்களை ஒப்பிட்டாலே இது தெரியும். எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டி என்றால் வழக்கமான பாரத்தோடேயே கொண்டுபோங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடுதல் கூடாது. பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் முனையிலோ கண்ணுக்குத் தெரியும் இடைவெளி, காணாமல் போன காட்டர் பின், பாக்ஸ் பக்கத்தில் சேசிஸ் விரிசல், இதில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டி மெக்கானிக்கிடம் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அல்லது மெக்கானிக்கை வரவழையுங்கள்.